ஆகஸ்டில் இருக்கணும், ஜனவரியில் கூடாது

எமிஸ் பார்ப்பது என்றால், பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளையைக் கணினியிலும், கணினியில் இருக்கிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலும் வருஷம் முழுக்கத் தேடிக்கொண்டே இருப்பது.

என்னைப் போல இதில் மாட்டிக்கொண்ட டீச்சர்களுக்கும் சார்களுக்கும் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்கிற கணினிப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, இருக்கிறதா, போய்விட்டதா எல்லாம் அதில்தான். ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், எத்தனை பேர் பரீட்சை எழுத வேண்டும், எத்தனை சதவீதம் தேர்ச்சி என்று மேலே இருப்பவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் அதிலிருந்துதான் பதில் எடுப்பார்கள்.

ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். பள்ளிப் பெயர் வேண்டாம். எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மா முக்கால்வாசிப் பேர் பட்டாசுக்கோ தீப்பெட்டிக்கோ போகிறவர்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடித்துவிடும். அதற்கப்புறம் சாயங்காலம் வரை ஒரு பெற்றோரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஓர் எழுத்து வித்தியாசம்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரம். ஆசிரியர் அறையில் ஆளாளுக்குப் படித்த கதையைப் பேசிக்கொண்டிருந்தோம். பிளஸ் டூ லீவில் சாத்தூருக்குப் போய் டைப்ரைட்டிங் படித்தேன், தமிழ் ஹையர் பாஸ் என்று நானாகச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. என் வாய்தான்.

அப்போதிருந்த தலைமையாசிரியர் வெராண்டாவில் கை கழுவிக்கொண்டிருந்தவர், ஈரக் கையோடு உள்ளே எட்டிப் பார்த்தார். அந்த வருஷம்தான் எமிஸ் வந்திருந்தது. முதல் சில மாதம் அந்த வேலையைச் செய்தவர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார். எனக்கு எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் பாடம் இருக்கிறது, நேரம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது இது:

“கெமிஸ்ட்ரி படிச்சவங்கதான டீச்சர் நீங்க, எமிஸையும் பாத்துருங்க. ரெண்டுக்கும் என்ன, ஒண்ணு ரெண்டு எழுத்துதான வித்தியாசம்.”

ரெண்டு முத்துமாரி

சில வருஷம் கழித்து, ஆறாம் வகுப்பில் ஒரே ஜூன் மாதம் இரண்டு முத்துமாரிகள் சேர்ந்தார்கள். இரண்டு பேருக்கும் அப்பா பெயர் கருப்பசாமி. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் ஊர்த் தெருவில் நின்று கருப்பசாமி என்று கூப்பிட்டால் ஆறு பேர் திரும்புவார்கள். பிறந்த தேதியும் ஒன்றாக இருந்ததுதான் வினை. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் ஒன்றாம் வகுப்பில் சேர வந்த பிள்ளைகளுக்கு யாரோ ஒரே தேதியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கணினி யோசித்துப் பார்த்தது. பெயர் ஒன்று, அப்பா ஒன்று, தேதி ஒன்று, ஆகவே பிள்ளையும் ஒன்று என்று முடிவு கட்டி, ஒரு முத்துமாரி மேல் சிவப்புக் கோடு போட்டுவிட்டது.

வட்டார அலுவலகத்தில் இந்தப் பதிவுகளைப் பார்க்கிற தம்பிக்கு போன் போட்டேன். “ஒண்ண காமன் பூலுக்குத் தள்ளிருங்க டீச்சர், பெறகு பாத்துக்கிடலாம்” என்றார். காமன் பூல் என்பது, பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் பதிவைப் போட்டுவைக்கிற பொதுக் கிடங்கு. வேறொரு பள்ளி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் வரை அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை. புத்தகம் இல்லை, சீருடை இல்லை, பரீட்சைப் பட்டியலில் பெயர் இல்லை. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை எந்தக் கிடங்குக்குத் தள்ள? மாட்டேன் என்றேன். மூன்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

நாலாவது வாரம், இரண்டு அம்மாக்களிடமும் சொல்லிவிட்டு, இரண்டு முத்துமாரியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தத் தம்பியின் மேஜை முன்னால் இருவரையும் நிறுத்தினேன். “இதுல யார் சார் போலி? நீங்களே கை காட்டுங்க. அந்தப் பிள்ளைய இங்கயே விட்டுட்டுப் போறேன்” என்றேன். அவர் திரையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஒருத்திக்கு ஆதார் இருந்தது, இன்னொருத்திக்கு இன்னும் எடுக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் ஆதார் இல்லாத முத்துமாரி மேஜையில் இருந்த பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“சார், நல்லாப் பாத்துக்கிடுங்க. நா நொட்டாங்கை, அவ சோத்தாங்கை. வேணும்னா ரெண்டு பேரும் எழுதிக் காட்டுதோம்.”

கேட்டில் அடுக்கிய போன்கள்

பெற்றோரின் போன் எண் உண்மையானதுதானா என்று ஒரு சமயம் சரிபார்க்கச் சொன்னார்கள். நாம் எண்ணைப் போட்டதும் அந்தப் போனுக்கு ஓடிபி போகும். அதைக் கேட்டு வாங்கி நாம் அடிக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் நூறு சதவீதம். சென்னையில் உட்கார்ந்து யோசித்தவருக்கு இது ரெண்டு நிமிஷ வேலையாகத் தெரிந்திருக்கும். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பொறி பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். எல்லாப் போனையும் காலையில் கேட்டில் வாங்கி, பெயர் எழுதிய துண்டுக் காகிதத்தை ரப்பர் பேண்டில் மாட்டி, பிளாஸ்டிக் தட்டில் அடுக்கிவிடுவார்கள்.

எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் அதிகம் வேலை பார்க்கிற ஒரு கம்பெனிக்கு மதியம் லேப்டாப்போடு போனேன். வாட்ச்மேன் அண்ணாச்சி நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து முதல் எண்ணைப் போட்டேன். தட்டில் ஒரு போன் கிணுகிணுத்தது. “அண்ணாச்சி, அந்த நம்பர மட்டும் வாசிங்களேன்” என்றேன். முடியாது என்றுவிட்டார். ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்று பேங்கில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்களாம். அடுத்தவர் போனில் வந்ததைச் சொன்னால் அது இன்னும் தப்பாம். கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த வாரம் நான் சந்தித்தவர்களில் விதியை விதியாக மதித்த ஒரே ஆள் அவர்தான். சாப்பாட்டு மணி அடிக்கும் வரை காத்திருந்தேன். கை கழுவிவிட்டு வரிசையாக வந்தார்கள். எண் வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள். தெரியாதவர்கள் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். மூன்று நாள் மதியம் போய்த்தான் முடித்தேன்.

அடுத்த வருஷம் மறுபடி அதே வேலை வந்தது. அதே கேட். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே அண்ணாச்சி நாற்காலியை மரத்தடிக்கு இழுத்துப் போட்டார்.

“வாங்க டீச்சர். போன வருசம் நா வாசிக்கலன்னு மனசுல வச்சிருக்கீகளோ என்னமோ, இந்த வருசமும் வாசிக்க மாட்டேன்.”

மூணு பேர் குறைவு

இனி வருவதெல்லாம் ஒரே படிப்பு வருஷத்தில் நடந்தது. எங்களுக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. தன் கைக்காசில் பிள்ளைகளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுப்பார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அதற்குள் ஒரு தடவையாவது பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். எங்கள் மாவட்டத்தில் அந்த ஆசை இல்லாத தலைமையாசிரியர் கிடையாது.

ஆகஸ்டில் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணித்தான் எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வார்கள். எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு இருந்தது. இரண்டாக வைத்திருக்க வேண்டிய எண்ணிக்கைக்கு மூன்று பேர் குறைந்தார்கள். குறைந்த மூன்று பேர் யார் என்றும் எனக்குத் தெரியும். ஒரு குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது, அதில் இரட்டைப் பிள்ளைகள். இன்னொரு பையன் சிவகாசியில் தனியார் பள்ளிக்குப் போய்விட்டான். “ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் அவங்க பேர் இருக்கட்டும். செப்டம்பர்ல எடுத்துருவோம்” என்றார் தலைமையாசிரியர். பிரிவு ஒன்றாகிவிட்டால் ஓர் ஆசிரியர் உபரி. இருப்பதில் இளையவர் சமூக அறிவியல் எடுக்கிற பொன்மணி டீச்சர். எனக்கு நல்ல சிநேகிதி. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள் நாங்கள்.

இரண்டு நாள் அந்தப் பதிவுகளைத் தொடாமல் வைத்திருந்தேன். திருப்பூர்ப் பள்ளிக்காரர்கள் அந்த இரண்டு பிள்ளைகளின் பதிவைக் கேட்டு ஏற்கெனவே விண்ணப்பம் அனுப்பியிருந்தார்கள். நான் இங்கே பிடித்து வைத்தால், அங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடையாது. இரண்டு முத்துமாரியை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் சண்டை போட்டு இரண்டு பேரையும் பட்டியலில் நிறுத்திவிட்டு, இதை எப்படிச் செய்ய? மூன்று பேரையும் விடுவித்தேன். பொன்மணியிடம் நானே போய்ச் சொன்னேன். அடுத்த மாதம் உத்தரவு வந்தது. திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளி, போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். கிளம்புகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்தாள்.

“ஒங்க கணக்கு சரியாத்தான் டீச்சர் இருக்கு. எனக்குத்தான் நேர் பஸ் இல்ல.”

வராத பிள்ளை

தீபாவளி முடிந்து, மழை விட்டு, கம்பெனிகள் மறுபடி பூஜை போட்டுத் திறந்த சமயம். ஒரு நாள் மூன்றாவது பீரியடில் சத்தம் கேட்டது. எங்கள் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கு அலற மாட்டார்கள். அப்படியே பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புவார்கள், புகை எந்தத் திசை என்று. திசை தெரிந்துவிட்டால் யார் வீட்டு ஆள் என்பதும் பாதி தெரிந்துவிடும். எட்டாம் வகுப்பு சங்கரேஸ்வரி எழுந்து நின்றாள். பையைக்கூட எடுக்காமல் போனாள்.

அவள் அம்மா உயிர் பிழைத்தார். இரண்டு கையும் கழுத்தும் வெந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்பா முன்பே இல்லை. தீக்காய வார்டுக்கு வெளியே தங்கிக்கொண்டு அம்மாவுக்கு ஊட்டிவிட சங்கரேஸ்வரியைத் தவிர வேறு ஆள் இல்லை. டிசம்பர் போனது, ஜனவரி வந்தது. எட்டாம் வகுப்புக்கு அடைவுத் தேர்வு என்று சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வருகிறது என்று பார்க்கிற தேர்வு. பட்டியலில் இருக்கிற பிள்ளை வராவிட்டால் பள்ளியின் வருகை சதவீதம் அடிவாங்கும். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். “முப்பது நாளுக்கு மேல வராத பிள்ளைய காமன் பூலுக்குத் தள்ளலாம்னு இருக்குல்ல டீச்சர்?” என்றார். “தள்ளலாம்னுதான் சார் இருக்கு, தள்ளணும்னு இல்ல” என்றேன். “பெறகு சேத்துக்கிடலாமே” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. “சார், ஆகஸ்டுல இல்லாத பிள்ளை இருக்கணும்னீங்க. ஜனவரியில இருக்கிற பிள்ளை இருக்கக் கூடாதுங்கிறீங்க. நா எந்த மாசத்துக்குத்தான் சார் உண்மையா இருக்க?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்தது. ஆனது ஆகட்டும் என்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். “ஐடி உங்க பேருலதான் இருக்கு. இந்தப் பட்டனை நீங்களே அமுக்கிருங்க” என்றேன். திரையில் சங்கரேஸ்வரியின் புகைப்படம் இருந்தது. ரெட்டை ஜடை, சிவப்பு ரிப்பன், சிரிப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, மணி அடித்துவிட்டதா என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை மதுரைக்குப் போனேன். நாலு புத்தகம், கொஞ்சம் கொய்யாப்பழம். ஆஸ்பத்திரி வராண்டாவில் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்பதற்குள் அவள் ஒன்று கேட்டாள்: அட்டெண்டன்ஸில் இன்னும் தன் பேரைக் கூப்பிடுகிறோமா என்று. தினமும் கூப்பிடுகிறோம், பிள்ளைகள் ‘வரல டீச்சர்’ என்று சொல்கிறார்கள் என்றேன். தேர்வன்றும் அப்படித்தான் சொல்லப்போகிறார்கள், பரவாயில்லை என்றேன்.

“அப்ப எடுத்துராதீக டீச்சர். அம்மாவுக்குக் கை மடக்க வந்துட்டா நா வந்துருவேன்.”

பாக்கியத்தின் கையெழுத்து

அதே ஜனவரியில் பத்தாம் வகுப்பின் பரீட்சைப் பட்டியலும் முடிவாக வேண்டும். நாமினல் ரோல் என்போம். அதில் பெயர் ஏறிவிட்டால் அந்தப் பிள்ளையின் பாஸும் பெயிலும் பள்ளிக் கணக்கில் சேரும். அரையாண்டில் நாலு பேர் கணக்கிலும் இங்கிலீஷிலும் இருபதைத் தாண்டவில்லை. இந்த நாலு பேருக்கும் டிசியைக் கொடுத்து, தனியாகப் பரீட்சை எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், பள்ளிக்கு நூறு சதவீதம் நிச்சயம். டிசி கொடுக்கப் பெற்றோர் கேட்டதாகக் கடிதம் வேண்டும். கடிதமும் தயாராக இருந்தது. நான் அடித்ததல்ல, வெளியில் எங்கேயோ கம்ப்யூட்டர் சென்டரில் அடித்து வாங்கியிருந்தார்கள்.

முதலில் வந்தவர் கணேஷ்பாண்டியின் அம்மா பாக்கியம். தீப்பெட்டி ஆபீசில் அரை நாள் சொல்லிவிட்டு வந்திருந்தார். கையில் மருந்துப் பசையின் கறை போகாமல் இருந்தது. தலைமையாசிரியர் அறைக்கு ரெஜிஸ்டர் எடுக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். “ஒண்ணுமில்லம்மா, ஒரு கையெழுத்துதான்” என்றார் தலைமையாசிரியர். பாக்கியம் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பேர் எழுதத் தெரியும், அச்சை வாசிக்க வராது. என் பக்கம் நீட்டினார். “என்ன போட்ருக்கு டீச்சர்?”

“டீச்சர், ஒங்களுக்குக் கிளாஸ் இருக்குல்ல” என்றார் தலைமையாசிரியர். “இருக்கு சார், வாசிச்சுட்டுப் போறேன்” என்றேன். கடிதத்தை வாங்கி, வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில், அனுப்புநர் முதல் இப்படிக்கு வரை, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனின் படிப்பை இத்துடன் நிறுத்திக்கொள்ள விரும்புகிறேன்’ என்கிற வரி வந்ததும் பாக்கியம் என்னை நிறுத்தினார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, தலைமையாசிரியரைப் பார்த்து, சத்தம் கூட்டாமல் கேட்டார்:

“நா எப்ப சார் விரும்புனேன்?”

என் மெமோவை நானே அடித்தது

மறுநாள் காலை கம்பெனி வேனில் பாக்கியம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஊர் முழுக்கப் போய்விட்டது. மீதி மூன்று வீட்டிலிருந்தும் கையெழுத்துப் போட ஒருவரும் வரவில்லை. நாலு பேரையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன்.

தலைமையாசிரியர் எனக்கு மெமோ கொடுப்பதென்று முடிவு செய்தார். ஆனால் பள்ளியில் கிளார்க் பணியிடம் ஒரு வருஷமாகக் காலி. கடிதங்கள் எல்லாவற்றையும் அடிக்கிறவள் நான்தான். இந்தத் தடவை வெளியில் கொடுத்து அடித்தால் விஷயம் ஊருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ‘தலைமையாசிரியரின் வாய்மொழி அறிவுரையைப் பின்பற்றாமல்’ என்றார். எந்த அறிவுரை என்று குறிப்பிட வேண்டுமே சார், இல்லாவிட்டால் நான் எப்படி விளக்கம் எழுத என்று கேட்டேன். அதை எழுத்தில் போட முடியாதே. யோசித்துவிட்டு, ‘தன்னிச்சையாக மூன்று மாணவர்களின் பெயரை’ என்று மாற்றினார். “நாலு சார்” என்றேன். “நாலுன்னே போடுங்க” என்றார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டார், நானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன். நகல் ஒன்றைக் கோப்பில் வைத்தேன். விளக்கத்தை அன்று மதியமே எழுதிக் கொடுத்தேன், மூன்று வரி: நாலு பேரும் என் வகுப்பு மாணவர்கள், தினமும் வருகிறார்கள், வருகைப் பதிவேடு இணைப்பு. அவர் வாசித்துப் பார்த்தார். நான் கதவு வரை போனதும் கூப்பிட்டார்.

“டீச்சர், அந்த மெமோவுல எழுத்துப்பிழை ஏதும் கெடந்தா நீங்களே திருத்திருங்க.”

ஆய்வுக் கூட்டம்

நாலு பேரையும் பட்டியலில் ஏற்றியது நான் என்பதால் காலையில் எட்டு மணிக்கே வரச் சொல்லிப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். கணக்கு சாரும் வாரத்துக்கு மூன்று நாள் வந்தார்; அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. மே மாதம் ரிசல்ட் வந்தது. நாலு பேரில் இரண்டு பேர் பாஸ். கணேஷ்பாண்டி கணக்கில் போய்விட்டான். இன்னொருவன் கணக்கு, இங்கிலீஷ் இரண்டிலும். மற்ற அத்தனை பேரும் பாஸ். நூறு சதவீதம் இல்லை. பாக்கியம் பள்ளிக்கு வந்து, திட்டப்போகிறாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருக்கையில், மறு தேர்வுக்கு எப்போது பணம் கட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். கணேஷ்பாண்டி மறு தேர்வில் பாஸானான், இப்போது ஐடிஐயில் வெல்டிங் படிக்கிறான். இன்னொருவன் எழுதப் போகவில்லை. ஒரு அச்சாபீசில் சேர்ந்துவிட்டான். அவனை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான். சங்கரேஸ்வரி மார்ச்சில் வந்து சேர்ந்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு.

ரிசல்ட்டுக்குப் பிறகு மாவட்டக் கல்வி அதிகாரி கூட்டிய ஆய்வுக் கூட்டம். நூறு சதவீதத்தைத் தவறவிட்ட பள்ளிகளை ஒவ்வொன்றாக எழுப்பி நிறுத்துவார்கள். பதிவு பார்க்கிறவர் என்பதால் என்னையும் கூட்டிப் போயிருந்தார் தலைமையாசிரியர். எங்களுக்கு முன்னால் பக்கத்து ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள், நூறு சதவீதம் என்று. எங்கள் முறை வந்தது. இருவரும் எழுந்து நின்றோம். அதிகாரி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இந்த ரெண்டு பேரும் தேற மாட்டாங்கன்னு அரையாண்டுலயே தெரியுமே. பிறகு ஏன் ரோல்ல வச்சிருந்தீங்க?”

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் மைக்கை வாங்கினேன். “ஸ்கூல்ல இருந்தாங்க சார்” என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “இதெல்லாம் ஒரு பதிலா?” என்றார் அதிகாரி. “பக்கத்து ஸ்கூலைப் பாத்துக் கத்துக்கிடுங்க.”

அந்த வார்த்தை தலைமையாசிரியரை எங்கே சுட்டதோ தெரியாது. மைக்கை என் கையிலிருந்து வாங்கினார். “சார், ஆகஸ்டு மாசம் எங்க லிஸ்ட்ல இருந்த பத்தாங்கிளாஸ் பிள்ளைக அம்புட்டுப் பேரும் பரீட்சை எழுதிருக்காங்க. ஒரு ஆள் குறையல. பக்கத்து ஸ்கூல்ல ஆகஸ்டுல எத்தன பேரு, மார்ச்சுல எத்தன பேருன்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க” என்றார். சால்வை வாங்கியவர் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அதிகாரி காகிதத்தில் எதையோ எழுதினார், அல்லது எழுதுகிற மாதிரி செய்தார். தலை நிமிராமல் சொன்னார்:

“அடுத்த பள்ளி.”

மொத்தத்தில், இந்த வேலையில் எனக்கு இதுவரை ஐந்து மெமோ வந்திருக்கிறது, அதில் ஒன்றில்கூட நான் கொடுத்த எண்ணிக்கை தப்பு என்று எழுதியிருக்கவில்லை.